கடைசி பெஞ்சுக்கு வராத சமாதானம்

"அக்கா, ஒரு மாசமா ஜெபம் பண்றேன். பாரம் இறங்கவே மாட்டேங்குது."

ஆராதனைக்கு முன், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கெர்சோம் சொன்னான். ஹெலனா அந்தச் சபையில் போதகருக்கு உதவும் உபதேசியார். அவனைவிட எட்டு வயதுதான் மூத்தவள்.

"என்ன பாரம்?"

"காலேஜ் மெஸ்ல ஏனோஸ் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டுத்தான் சாப்பிடுவான். 'சோத்துக்கு மந்திரம் போடுறான் பாரு'ன்னு பசங்க சிரிச்சாங்க."

"நீ?"

"நானும் சிரிச்சேன்."

அவன் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"நீயும் அவன் கோயில்தானேன்னு ஒருத்தன் கேட்டான். இல்லன்னுட்டேன். ஏனோஸ் எதிர்லதான் உட்கார்ந்திருந்தான்."

கெர்சோமும் ஏனோஸும் ஒரே ஊர். ஒரே நாளில் சபையின் முழு உறுப்பினராகும் திடப்படுத்தல் பெற்று, முதல் திருவிருந்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டவர்கள். அன்றிலிருந்து ஏனோஸ் மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடுகிறான். கெர்சோமுக்குத்தான் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

"மன்னிப்பு கேட்டியா?"

"தினமும் கேக்கிறேன் அக்கா. வெள்ளிக்கிழமை உபவாசம்கூட இருந்தேன்."

"யார்கிட்ட கேட்ட?"

"ஆண்டவர்கிட்ட."

ஆண்டவருக்கே காது வலித்திருக்கும். ஏனோஸிடம் மட்டும் ஒரு வார்த்தை போகவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பயம்.

ஹெலனா உள்ளே போய்விட்டாள்.

கெர்சோம் கடைசி பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். ஏனோஸ் முன்னால், பாடகர் வரிசையில் நின்றான்.

திருவிருந்துக்கு முன் அந்தச் சபையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து 'சமாதானம்' கொடுப்பது வழக்கம். போதகர் உபதேசியாரின் கைகளைப் பிடித்துக் கொடுப்பார். உபதேசியார் நடுவழியே வந்து, ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் இருப்பவருக்குக் கைபிடித்துக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு. இப்படியே கை மாறிச் சுவர்வரை போகும். வாங்காதவர் கொடுக்க முடியாது.

ஹெலனா பாடகர் வரிசையில் தொடங்கி, பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசி பெஞ்சு வந்தது.

கெர்சோம் இரண்டு கைகளையும் நீட்டினான்.

அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"அக்கா..."

"உன் பங்கை ஏனோஸ்கிட்ட கொடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள் மெதுவாக.

அவன் முன்னால் பார்த்தான். கோயில் நிறைய ஜனம்.

"இவ்வளவு பேர் நடுவிலயா?"

"மெஸ்லயும் ஆள் இருந்தாங்கல்ல?"

அவன் தலை கவிழ்ந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், தன் முறைக்காக ஏற்கெனவே கையை நீட்டியிருந்தார். அவருக்கு அப்பால் சுவர்வரை எல்லோரும் இவன் பக்கமே திரும்பியிருந்தார்கள்.

"சீக்கிரம் போய் வாங்கிட்டு வா தம்பி," என்றாள் ஹெலனா. "ஆறு பேர் உனக்காகக் காத்திருக்காங்க."