ஒரு கதவு, இரண்டு பூட்டு

கதையைக் கேட்டுவிட்டு "நமக்கெதுக்கு வம்பு" என்று எழுந்து போகக் கூடாது. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். கொஞ்சம் குமட்டுகிற கதைதான்.

ஏந்தலூர் நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. பின்னால் இருக்கும் கருவேலம்புதர்தான் எல்லாம். அங்கே பன்றி மேயும். ஒருத்தி உட்கார, இன்னொருத்தி துப்பட்டாவைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி கோமளா. எட்டாம் வகுப்பு வெண்ணிலாவின் அம்மா. அவளும் குழுவில் இருந்த ரெஜினாவும் அஞ்சலாட்சியும் ஊர்ப் பெண்களைத் திரட்டிக் கிராம சபையில் போய் உட்கார்ந்தார்கள். கழிப்பறைத் தீர்மானத்தை வாசித்துக் கையெழுத்துப் போடும்வரை ஒருவரையும் எழுந்திருக்க விடவில்லை. கட்டடம் வந்தது. டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, நீல நிறக் கதவு, எல்லாம் பளிச்சென்று இருந்தது.

திறப்பு விழா இல்லாமல் திறக்கக் கூடாது என்று கவுன்சிலர் வெளித் தாழ்ப்பாளில் ஒரு பூட்டுப் போட்டார். திறந்தால் நான்தான் திறப்பேன் என்று ஊராட்சித் தலைவியின் வீட்டுக்காரர் அதே தாழ்ப்பாளில் இன்னொரு பூட்டுப் போட்டார். தலைவியின் நாற்காலியிலும் அவர்தான் உட்காருவார். தலைவி வீட்டில் தோசை சுடுவாள். போதாக்குறைக்கு இருவரும் ஆளுக்கொரு ஃபிளக்ஸ் வைத்தார்கள். பெண் பிள்ளைகள் ஒன்றுக்குப் போகிற இடத்தின் வாசலில் மீசை முறுக்கிய ஆண்கள் வரிசையாகக் கும்பிட்டுச் சிரித்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கோமளாவுக்கு வாயில் எச்சில் ஊறியது; துப்பத்தான்.

வெண்ணிலா பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். அடிவயிற்று வலி வந்தது, காய்ச்சல் வந்தது. "இனிமே ஸ்கூலுக்குப் போகலம்மா" என்று பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

கோமளா தலைமையாசிரியையிடம் ஓடினாள்.

"பூட்டை மட்டும் உடைச்சிடாதீங்கம்மா. ரிட்டயராகப் போற நேரத்துல என்னை சந்தி சிரிக்க வச்சிடுவாங்க" என்றார் அவர்.

உடைக்க மாட்டோம் என்று கோமளா வாக்குக் கொடுத்தாள்.

முதலில் ரெஜினா கிளம்பினாள். நயமாகப் பேசுகிறவள். இரண்டு பெரிய மனிதர் வீட்டுக்கும் மாறி மாறி நடந்து, ஒரே ரிப்பன், ஆளுக்கொரு கத்தரிக்கோல் என்று சம்மதிக்க வைத்தாள். ஆனால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் திறக்கக் கூடாது, ஆவணியில் பார்க்கலாம் என்றார்கள் இருவரும். இந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை.

"சண்டையில்லாம முடியுதில்ல, பொறுத்துக்கலாம்க்கா" என்றாள் ரெஜினா.

"ஏன்டி, ஆடியில மூத்திரம் வராதா?" என்றாள் அஞ்சலாட்சி.

கோமளா வேறொன்று செய்தாள். மகளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பி, மற்றப் பெண் பிள்ளைகளையும் சேர்த்து, மதிய இடைவேளையில் அந்த வீடுகளுக்கே ஊர்வலமாகக் கூட்டிப் போனாள். "எங்க ஸ்கூல்ல பூட்டியிருக்குங்க. உங்க வீட்டுல போய்க்கிறோம்." வெட்கப்பட்டுச் சாவியைத் தருவார்கள் என்று நினைத்தாள். ஊராட்சித் தலைவி பிள்ளைகளை உள்ளே விட்டாள். "சாவி அவருகிட்ட இருக்கும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கவுன்சிலரோ வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்க கண்ணுங்களா, வரிசையா போங்க!" என்று செல்போனை எடுத்து வீடியோ பிடித்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அது சுற்றியது: மாணவிகளுக்காகத் தன் வீட்டுக் கழிப்பறையையே திறந்துவிட்ட மாமனிதர்! அதில் வெண்ணிலா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நின்றாள்.

"எங்கள வச்சுப் பிச்சை எடுத்துட்டியேம்மா" என்றாள் மகள். கோமளாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கவுன்சிலர்மேல் வந்த அருவருப்பில் பாதி தன்மேலேயே திரும்பியிருந்தது.

மறுநாள் காலை மணி அடித்ததும் அஞ்சலாட்சி யாரையும் கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாள். எல்லாரும் பார்க்க, வெளித் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றினாள். பூட்டு இரண்டும் தொங்கத் தொங்கத் தாழ்ப்பாளைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்தாள். "இந்தாங்க டீச்சர். ஒண்ணையும் உடைக்கல, பத்திரமா இருக்கு."

பிள்ளைகள் ஓடினார்கள். செய்தி கேட்டுப் பள்ளிக்கு வந்த வெண்ணிலா அன்று பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தாள்.

ஆனால் அரசுச் சொத்தைச் சேதப்படுத்திவிட்டதாகக் கவுன்சிலர் புகார் கொடுத்தார். தலைமையாசிரியைக்கு மெமோ வந்தது. அஞ்சலாட்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். விசாரிக்க வந்த கல்வி அதிகாரி கோமளாவைப் பார்த்துக் கேட்டார்: "மூணு பேரும் மூணு விதமா செஞ்சிருக்கீங்க. குழுத் தலைவி நீங்க சொல்லுங்க, யார் செஞ்சது சரி? தாழ்ப்பாளைக் கழட்டினது தப்புன்னா, அந்தம்மா தனியா பார்த்துக்கட்டும்."

சண்டையில்லாமல் முடிக்கப் பார்த்தாள் ரெஜினா. பிள்ளைகளுக்குக் கிடைத்தது புதர்தான். வெட்கப்பட வைக்கப் பார்த்தாள் கோமளா, வெட்கப்பட்டது பிள்ளைகள்தான். கதவைத் திறந்தாள் அஞ்சலாட்சி. மெமோ வாங்கியது டீச்சர். நீங்களே சொல்லுங்கள், இந்த மூவரில் சரியாகச் செய்தவள் யார்?

விடை: அஞ்சலாட்சிதான். கோமளாவும் அதையே சொன்னாள். "கேட்டு வாங்கினது நாங்க, சார். ஊர் தீர்மானம் போட்டுக் கட்டின கதவு அது. ரெஜினாவும் நானும் பூட்டினவங்ககிட்டயே போய் நின்னோம். போய் நின்னப்பவே அது அவங்க வீட்டுக் கதவுன்னு ஒத்துக்கிட்டோம். அந்தத் தப்பைச் செய்யாதவ இவ ஒருத்திதான். ஸ்டேஷனுக்குக் குழு மொத்தமும் வரும். டீச்சர் மெமோவுக்கும் நாங்கதான் பதில் எழுதுவோம்." அதிகாரி ஃபைலை மூடினார். "சரி, சரி. தாழ்ப்பாளையாவது திரும்ப மாட்டிடுங்க." கோமளா எழுந்துகொண்டாள். "உள்ள போறவ சாத்திக்க உள்தாழ்ப்பாள் இருக்கு, சார். வெளிய எதுக்கு?"