எவ்வளவு அழுத்த வேண்டும்?

திருநெல்வேலிப் பக்கம் அறுவை சிகிச்சையில் பேர் வாங்கிய டாக்டர் ஆவுடையப்பன், தன்னைவிட வயதில் இளையவரான டாக்டர் மெஹருன்னிசாவிடம் ஸ்கேன் கற்க வந்திருந்தார். மார்பில் இருக்கும் கட்டி எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை நிறமாகக் காட்டும் ஸ்கேன் அது. இறுக்கமாக இருந்தால் சிவப்பு, மெத்தென்று இருந்தால் நீலம். புற்றுக்கட்டி பெரும்பாலும் இறுகித்தான் இருக்கும்.

விரலால் அமுக்கியே கட்டியின் குணத்தைச் சொல்லிவிடுவார் என்று ஆவுடையப்பனுக்குப் பேர். கற்க வந்தவர் செருப்பை வாசலில் விட்டார், அந்தப் பேரை விடவில்லை.

அன்று கட்டிலில் படுத்திருந்தவள் இசக்கியம்மாள். ரவிக்கை தைப்பவள். இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஆவுடையப்பன் ஸ்கேன் கருவியை வைத்து, பழகிய கையால் நன்றாக அமுக்கினார். திரை சிவந்தது.

"பாத்தீங்களா மேடம், விரல் வச்சப்பவே நினைச்சேன்" என்றார். சத்தமாகவே சொன்னார்.

இசக்கியம்மாள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எம்மவ ஒம்பதாம் வகுப்புதான் படிக்கா டாக்டர்" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு ஆவுடையப்பன் மேல் கோபம்தான் வருகிறது. மெஹருன்னிசாவுக்கு வரவில்லை.

"சார், சட்டைக் கைய மடிங்க. அம்மாவுக்கு அமுக்கின மாதிரியே உங்க கையிலயும் அமுக்குங்க."

முழங்கைக்குக் கீழே கட்டி எதுவும் இல்லாத நல்ல சதை. அமுக்கினார். திரை சிவந்தது.

"உங்களுக்கும் கட்டிதான் சார்."

அழுகைக்கு நடுவே இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவுடையப்பனுக்கு வரவில்லை.

மெஹருன்னிசா அவள் மார்பில் ஜெல்லை நிறையப் பூசினார். "ஜெல் சில்லுன்னு இருக்கும்மா, அது கணக்கில்ல. கண்ண மூடிக்கோங்க. கருவி பட்டா மட்டும் சொல்லுங்க."

பிறகு ஆவுடையப்பனிடம் திரும்பினார். "அமுக்கினா நல்ல சதையும் இறுகிச் சிவப்பாத்தான் தெரியும். அவங்க சொல்லாத மாதிரி வைங்க சார்."

அவர் கருவியை இறக்கினார்.

"பட்டுட்டு" என்றாள்.

எடுத்துவிட்டு மறுபடி இறக்கினார்.

"பட்டுட்டு."

முழங்கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை இறக்கினார். கருவி ஜெல்லின் மேலேயே நின்றது. திரையில் நிறங்கள் கொஞ்சம் அலைந்து அடங்கின. கட்டி முழுக்க நீலம்.

இசக்கியம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "வச்சிட்டியளா டாக்டர்?"

மெஹருன்னிசா கருவியை வாங்கித் தானும் எடுத்துப் பார்த்தார். எத்தனை முறை எடுத்தாலும் நீலம்தான். கட்டியின் ஓரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நிறத்த மட்டும் வச்சு சொல்லலம்மா. ஓரமும் வழவழன்னு இருக்கு. சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரியுது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும், கட்டாயம் வந்துருங்க."

இசக்கியம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு, இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பன் கருவியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"அமுக்கியே பழகின கை மேடம். எவ்வளவு அழுத்தணும்னு ஒரு அளவு சொல்லுங்க."

"அந்தம்மாவே சொல்லிட்டாங்களே சார்."

"எப்போ?"

"'வச்சிட்டியளா'ன்னு கேட்டாங்கல்ல, அந்த அளவு."