கரையில் விழுந்த தளபதி

ஆலங்கேணி ஏரியில் முக்குளிப்பான் பறவைகள் வாழ்ந்தன. அவற்றின் கூடுகள் தண்ணீரில் மிதக்கும். கோரைத் தண்டுகளோடு கட்டியிருக்கும். அந்தக் கூடுகளிலிருந்த முட்டைகளுக்காக அக்கரை நரிகள் போர் அறிவித்தன!

ஏரிக்கு ஒரு தளபதி வேண்டும். நாரை மன்னர் கரையில் அணிவகுப்பு வைத்தார். முங்கன் என்ற முக்குளிப்பானும் போனான். அவன் இனத்துக்குக் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருக்கும். நீரில் அவை துடுப்பு, நிலத்தில் தொல்லை. இரண்டு எட்டு வைத்தான். குப்புற விழுந்தான்.

"நடக்கத் தெரியாதவனுக்குத் தளபதி ஆசையா!" என்று சிரித்தார் நாரை. விறைப்பாக நடந்த கொக்குக்குப் பதவி கிடைத்தது.

"சண்டை தண்ணீரில்தானே, மன்னா?" என்றான் முங்கன். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவே இல்லை.

கோடை வந்தது. ஏரியின் ஓரமெல்லாம் வற்றியது. நரிகள் சேற்றில் நடந்தே கூடுகளை நெருங்கின. கொக்குத் தளபதி ஒருமுறை பார்த்தார், பறந்துவிட்டார்!

"கோரைக் கட்டுகளை அறுங்கள்! காற்று எழுந்ததும் கூடுகளை நடு ஏரிக்குத் தள்ளுவோம்!" என்று கத்தினான் முங்கன்.

"கூடு கவிழ்ந்தால்? கரையில் விழுந்தவர் பேச்சை நம்பியா என் முட்டைகளை விடுவேன், அண்ணே?" என்று சீறினாள் பக்கத்துக் கூட்டுச் செம்பி.

முங்கன் தன் மூன்று முட்டைகளை ஈரப்பாசியால் மூடினான். தன் கூட்டின் கட்டுகளை முதலில் அறுத்தான். கூடு ஆடியது. கவிழவில்லை!

செம்பியும் அறுத்தாள். எல்லோரும் அறுத்தார்கள்.

"பொறுங்கள்... பொறுங்கள்..."

நரியின் மூச்சு முங்கன் முதுகில் பட்டது. கரைப்பக்கமிருந்து காற்று எழுந்தது.

"தள்ளுங்கள்!"

நாற்பது கூடுகளும் நகர்ந்தன. நரிகள் துரத்தின. சேறு முடிந்து ஆழம் தொடங்கியது.

"மாமா, தரையைக் காணோமே!" என்று அலறியது ஓர் இளநரி.

"எனக்கு மட்டும் தெரியுதா? திரும்புடா!"

அதன்பின் ஏழு கோடைகள் முங்கனே படை நடத்தினான். ஒரு முட்டையும் பறிபோகவில்லை. அப்புறம்தான் முங்கனுக்குப் பட்டம் கொடுக்க நாரை மன்னருக்குத் தோன்றியது. கரைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"நான் நடக்கத் தெரியாதவன். மன்னரை வரச்சொல்!" என்றான் முங்கன். அவன் முதுகிலிருந்த குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று சிரித்தன.

நாரை மன்னர் சேற்றில் கால் புதையப் புதையத் தண்ணீருக்குள் இறங்கி வந்தார்.

நீரில் போராட வேண்டியவனை நிலத்தில் நடக்கவிட்டு எடைபோடாதே.