வாசல் சுருதி

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் செல்லத்தங்கம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சீடர் தாணுலிங்கம், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்தே வயலின் வாசிக்கிறவர். ஒரு நாள் டீச்சரின் வயலினைக் கேட்டார். மறுநாளே வெற்றிலை பழத்தோடு போய், சொல்லிக்கொடுங்கள் என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார். “மக வயசுப் பொம்பளைகிட்டயா போய்ப் படிக்கப் போறிய?” என்று வீட்டில் கேட்டார்கள். “அவங்க வாசிக்கது எனக்கு வரலையே” என்றார். அந்த விஷயத்தில் மனிதர் தங்கம்.

தாணுலிங்கம் நல்லவர். இந்தக் கதையில் சிக்கலே அதுதான்.

டீச்சர் ஒரு வாத்தியக் குழு நடத்திவந்தார். வயலின், வீணை, புல்லாங்குழல், மிருதங்கம், கடம் என்று இருபது பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடக் கூடத்தில் ஒத்திகை. ஊரின் பெரிய சபா தன் ஆண்டு விழாவில் முதல் முறையாக அவர்களுக்கு மேடை கொடுத்திருந்தது. அந்த மேடையைக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே தாணுலிங்கத்துக்குத் தலை நரைத்துவிட்டது. சாவதற்குள் ஒரு தடவை மேலே ஏறி வாசித்துவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் இசக்கியம்மாள் வந்தார்.

கையில் நீளமான துணி உறை. உள்ளே நாயனம். கோயில் கொடை விழாக்களில் நையாண்டி மேளத்தோடு வாசிப்பவர். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் கூப்பிட்ட வீட்டுக்குப் போவார்.

“ஒங்க குழுவுல எனக்கு எடம் உண்டாக்கா?”

“வாசிங்க. கேப்போம்.”

இசக்கியம்மாள் கரகரப்பிரியா வாசித்தார். நிதானமாக, அவசரமே இல்லாமல் வாசித்தார். கடக்காரர் கடத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தார். முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நன்றாக இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

“எல்லாரும் சேந்து வாசிப்போம்,” என்றார் டீச்சர்.

சேர்ந்து வாசித்தார்கள். சந்தைக்கடையாக இருந்தது. நாலு வரி தாண்டவில்லை, நிறுத்திவிட்டார்கள். அதுவரை முழித்துக்கொண்டிருந்த முகங்களில் ஒரு நிம்மதி வந்தது. காரணம் கிடைத்துவிட்டதே.

“சுருதி சேரலையே டீச்சர்,” என்றார் தாணுலிங்கம் மெதுவாக. “நாம ஒரு கட்டை. நாயனம் அதுக்கு மேல, ரெண்டு கட்டை.”

டீச்சர் இசக்கியம்மாளைப் பார்த்தார்.

“இறக்க முடியுமா?”

“வாயில வச்சு ஊதுற சீவாளிய மாத்துனா ஒரு பொட்டு நகரும். அவ்வளவு தூரம் எறங்காதுக்கா. இது மரம். கடைஞ்சப்ப என்ன சுருதியோ, அதான்.”

“வேற நாயனம்?”

“எங்க அய்யா குடுத்த இது ஒண்ணுதான்.”

“சரி. அடுத்த ஞாயிறு வாங்க,” என்றார் டீச்சர்.

அந்த வாரம் தாணுலிங்கம் சும்மா இருக்கவில்லை. நல்லவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். சபா செயலாளர் கோமதிநாயகத்தைப் போய்ப் பார்த்தார். கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அடுத்த ஞாயிறு டீச்சர் வருவதற்கு முன்பே இசக்கியம்மாளிடம் அதைச் சொன்னார்.

“விழாவுக்கு மொதல்ல வாசல்ல மங்கள இசை உண்டு. அரை மணி நேரம். அத ஒனக்கே வாங்கிட்டேன். நாங்க உள்ள, நீ வெளிய. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.”

சபாவின் வாசல் எப்படி இருக்கும் என்று இசக்கியம்மாளுக்குத் தெரியும். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பந்தல். வருகிறவர்கள் ஸ்கூட்டரை நிறுத்துவார்கள், காபி குடிப்பார்கள், நாயனத்தை விட உரக்கப் பேசுவார்கள்.

“வாசல்ல நெறைய வாசிச்சாச்சு அண்ணாச்சி,” என்றார். “உள்ள நீங்க வாசிக்கத எல்லாம் வெளிய நின்னு கேட்டிருக்கேன். நான் வாசிச்சத உள்ள இருந்து ஒருத்தரும் கேட்டதில்ல. இனிமே வாசல்ல நிக்க மாட்டேன்.”

“கோவப்படாதம்மா. நான் ஆளு பாக்கவன் இல்ல. சுருதிதான் சேரல.”

“அத மட்டும் சொல்லுங்க. மனக்கஷ்டம் இல்லேன்னு சொல்லாதிய. எனக்கு இருக்கு.”

தாணுலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு செய்தும் நல்ல பெயர் கிடைக்கவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

டீச்சர் வந்தார். வயலினை எடுத்து மடியில் வைத்தார்.

“இசக்கி, ஒங்க ஆதார சட்ஜத்தப் பிடிங்க. நான் போதும்னு சொல்லும்வரை விடாதிங்க.”

நாயனம் ஒற்றைச் சுரத்தில் நின்றது. கூடம் முழுவதும் அந்த ஒரு சுரம். டீச்சர் வயலினின் தலையில் இருந்த பிருடையைப் பிடித்துத் திருகினார். தந்தி முனகிக்கொண்டே மேலே ஏறியது. இன்னும் திருகினார். ஏறி, நாயனத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

“ம். எல்லாரும்.”

யாரும் அசையவில்லை. முதலில் புல்லாங்குழல்காரர்தான் சிரித்துக்கொண்டே பையைத் திறந்தார். கட்டைக்கு ஒரு குழல் வைத்திருப்பவர் அவர். இரண்டு கட்டைக் குழலை எடுத்து ஊதிப் பார்த்தார். மிருதங்கக்காரர் கல்லை எடுத்து விளிம்பில் தட்ட ஆரம்பித்தார். கடக்காரர் இன்னொரு கடத்தை எடுத்து மடியில் வைத்தார். வீணைக்காரம்மா, “எந் தந்தி போச்சுன்னா யாரு வாங்கித் தருவா?” என்று புலம்பிக்கொண்டே திருகினார். புலம்பல் நின்றது, திருகல் நிற்கவில்லை.

தாணுலிங்கமும் திருகினார். மனமில்லாமல் திருகினால் கை ஒழுங்காக நிற்காது. தந்தி பட்டென்று அறுந்து புறங்கையில் அடித்தது. கோடு போட்டதுபோல் சிவந்துவிட்டது.

“டீச்சர்,” என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “இருபது பேரு ஒருத்திக்காக மாறணுமா? ஒருத்தி இருபது பேருக்காக மாறக் கூடாதா?”

டீச்சர் கையைக் காட்டினார். நாயனம் நின்றது.

“போன வருசம் நம்ம பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு பாடகர் வந்தாரே, ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?”

“எப்படி மறக்கும்? மெட்ராஸ்ல இருந்து வந்தாரு. நாமதான பக்கவாத்தியம்.”

“அன்னைக்கு அவருக்கு என்ன?”

“சளி.”

“என்ன சொன்னாரு?”

தாணுலிங்கம் சிவந்த புறங்கையைத் தடவிக்கொண்டார்.

“அரைக் கட்டை எறங்கிக்கோங்கன்னு சொன்னாரு.”

“எத்தன பேரு எறங்கினோம்?”

“...எல்லாரும்.”

“யாரு மொதல்ல எறங்குனது?”

அது தாணுலிங்கம்தான். இறங்கியதோடு விடவில்லை, மற்றவர்கள் வயலினையும் வாங்கி வாங்கி இறக்கிக் கொடுத்தார். பாடகருக்கு வெந்நீரும் வாங்கிக் கொடுத்தார்.

“அவரு எவ்வளவு பெரிய ஆளு டீச்சர்...” என்று ஆரம்பித்தார். பாதியில் அவரே நிறுத்திக்கொண்டார். இசக்கியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாயனத்துல பிருடை இருக்கா அண்ணாச்சி?”

“இல்ல.”

“ஒங்க வயலின்ல?”

தாணுலிங்கம் வயலினின் தலையைப் பார்த்தார்.

“புதுத் தந்தி போடுங்க,” என்றார் டீச்சர். “திருகுங்க.”

போட்டார். இந்த முறை அறுக்கவில்லை. அன்று இருபத்தொரு பேரும் சேர்ந்து கரகரப்பிரியா வாசித்தார்கள். தாணுலிங்கத்துக்கு நடுவில் ஓர் இடத்தில் கண் கலங்கிவிட்டது. நாயனம் முன்னால் போக, பத்து வில்லும் அதன் பின்னால் போன இடம் அது. இத்தனை வருடமாக இந்தச் சத்தம் இல்லாமலா வாசித்தோம் என்று நினைத்தார்.

மறுநாள் காலையிலேயே சபாவுக்கு ஓடினார்.

“கோமதி, சுருதி சேந்துட்டு வே! எல்லாரும் ரெண்டு கட்டைக்கு ஏறியாச்சு. இனி ஒரு பிரச்சினையும் கிடையாது.”

கோமதிநாயகம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சுருதியா அண்ணாச்சி பிரச்சினை? நீங்க என்ன பச்சப் புள்ளையா? சாமியாட்டத்துக்கு வாசிக்க பொம்பளைய மேடையில ஏத்துனா மெம்பர்ங்க என்னைச் சும்மா விடுவாங்களா? சும்மா ஒரு மரியாதைக்குச் சுருதின்னு சொல்லி வச்சோம்.”

“சொல்லி வச்சோமா?”

“நீங்கதான சொன்னிய.”

தாணுலிங்கம் எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் கூடவே வந்தது. டீச்சரிடம் நடந்ததைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தவே இல்லை.

“மேடை வேணும்னா நாயனம் வேண்டாங்காங்க. நாயனம் வேணும்னா வாசல்தானாம். என்ன செய்ய டீச்சர்?”

“வாசல்ல எவ்வளவு நேரம்?”

“அரை மணி.”

“போதும்,” என்றார் டீச்சர். இசக்கியம்மாளைக் கூப்பிட்டார். “வாசல்ல நிக்க மாட்டேன்னு சொன்னிங்க. ஒரு நாள் மட்டும் வருவிங்களா? தனியா இல்ல.”

இசக்கியம்மாள் யோசித்தார்.

“நிக்க மாட்டேன்க்கா. உக்காந்து வாசிப்பேன்.”

விழா அன்று சாயங்காலம் சபா வாசலில் ஒரு பெரிய ஜமுக்காளம் விரிந்தது. செருப்புகளைத் தள்ளி வைத்துவிட்டு இருபத்தொரு பேரும் உட்கார்ந்தார்கள். பட்டுச் சேலையும் ஜிப்பாவுமாக, மேடைக்கு என்று கட்டிக்கொண்டு வந்த உடுப்போடு. நடுவில் இசக்கியம்மாள். ஸ்கூட்டரை நிறுத்த வந்தவர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார்கள். நின்றவர்கள் அப்படியே கேட்டார்கள்.

காபித் தம்ளர்களோடு உள்ளே போக வேண்டிய கூட்டம் வெளியே நின்றது. உள்ளே போய் இடம் பிடித்தவர்கள்கூடக் கைக்குட்டையை நாற்காலியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். இசக்கியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கொடையில் வாசிக்கிற அதே மூச்சோடு வாசித்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அரை மணி முடிந்தது. கோமதிநாயகம் வெளியே வந்தார். கையில் இசக்கியம்மாளுக்கு ஒரு சால்வை. முகத்தில் சிரிப்பு.

“பிரமாதம், பிரமாதம். சரி டீச்சர், நேரமாயிட்டு. நீங்கள்லாம் உள்ள வாங்க. மைக்கெல்லாம் தயாரா இருக்கு. இந்த அம்மாவக் காபி குடிக்கச் சொல்லுங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. கோமதிநாயகம் தாணுலிங்கத்தின் பக்கம் குனிந்தார்.

“அண்ணாச்சி, ஒங்க இடம் மொத வரிசையில போட்டிருக்கு. நீங்க எந்திரிங்க, மத்தவங்க வருவாங்க.”

திறந்த கதவு வழியாக மேடை தெரிந்தது. வெள்ளை விரிப்பு, பூ மாலை, விளக்கு. முதல் வரிசையில் ஒரு மைக் அவருக்காகக் குனிந்து நின்றது. தாணுலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குருவின் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், நான் என்ன செய்ய?”

“ஒங்க வயலின் இப்ப எந்தச் சுருதியில இருக்கு அண்ணாச்சி?”

தாணுலிங்கம் ஒரு விரலால் தந்தியை மீட்டினார். உள்ளே மேடையில் சுருதிப்பெட்டி பாடிக்கொண்டிருந்தது. வாசல்வரை கேட்டது. அது ஒரு கட்டை.

அவர் வயலினை மடியில் இன்னும் சரியாக வைத்துக்கொண்டார்.

“உள்ள சுருதி சேரல வே,” என்றார் கோமதிநாயகத்திடம்.

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். கோமதிநாயகத்தின் சிரிப்பு போய்விட்டது. கையில் இருந்த சால்வையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

“என்ன டீச்சர் இது? நானூறு பேரு உக்காந்திருக்க சபா. எல்லாம் ஒரு கட்டைக்கு வச்சாச்சு. இப்ப நான் என்ன செய்யணுங்கிய?”

டீச்சர் வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“திருகுங்க,” என்றார்.