கிடை ஆடும் உண்ணிக்கொக்கும்

குளக்கரையில் ஒரு பசுவும் ஒரு கோழியும் ஓர் உழவு மாடும் தங்கள் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தன. நான் பால் தருகிறேன் என்றது பசு. நான் முட்டை தருகிறேன் என்றது கோழி. ஊர் தின்கிற சோறு என் தோளில் ஏறி வருகிறது என்றது மாடு. அப்போது சுட்டி என்ற செம்மறி ஆடு தண்ணீர் குடிக்க வந்தது.

"நீ என்னத்தத் தர்ற?" என்று கோழி கேட்டது.

சுட்டி கிடை ஆடு. அறுவடை முடிந்த வயலில் இருநூறு ஆடுகளை ராத்திரியில் அடைத்து வைப்பார்கள். அவை போடும் புழுக்கைதான் மண்ணுக்கு எரு. நாலு ராத்திரி ஒரு வயல், அப்புறம் அடுத்த வயல். ஆற்றில் தண்ணீர் வந்து நாற்று விடும் நேரத்தில் மந்தை தெற்கே சொந்தச் சீமைக்குப் போய்விடும்.

"புழுக்கை," என்றது சுட்டி. கோழி சிரித்த சிரிப்பில் அதன் இறகு ஒன்று உதிர்ந்தது.

சிரித்ததுகூடப் பரவாயில்லை. சுட்டியின் மனசை அரித்தது வேறு. சிவக்கொழுந்து என்பவரின் வயலில் அது ஐந்து வருஷமாகப் படுத்து எழுந்திருக்கிறது. அந்த வயல் பச்சையாக நின்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வரும்போதும் மொட்டை வயல், போகும்போதும் மொட்டை வயல். தான் போட்ட எருவில் பயிர் வந்ததா, இல்லை எல்லாம் வெயிலில் காய்ந்து வீணாய்ப் போயிற்றா? பெற்ற பிள்ளையின் முகம் பார்க்காமல் போகிறவளைப் போல, ஒவ்வொரு வருஷமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது.

இந்த ஏக்கத்தை, ஆடுமாடுகளின் பின்னாலேயே திரியும் ஓர் உண்ணிக்கொக்கு கண்டுகொண்டது. கொக்குக்கு வேண்டியது இரை.

"நான் பறக்கிறவன். பயிர் நிக்கிற மாசத்துல ஒன் வயலுக்கே போயி ஒரு பச்சைத் தாள் கொண்டாந்து காட்டுறேன். அதுவரைக்கும் நீ புதருக்குள்ள நடந்து எனக்கு வெட்டுக்கிளி கிளப்பி விடணும்," என்றது.

சுட்டி உடனே ஒப்புக்கொண்டது. தெற்கே போனதும் மற்ற ஆடுகள் நல்ல புல்லில் மேய, இது முள்ளுக்குள் நடந்தது. எழும்பிய வெட்டுக்கிளியையெல்லாம் கொக்கு பின்னாலேயே வந்து கொத்தித் தின்றது. கொக்கு கொழுத்தது. சுட்டிக்கு விலா எலும்பு தெரிந்தது. மேய்ப்பர் அதன் முதுகைத் தடவிப் பார்த்து, இது இன்னொரு வருஷ நடைக்குத் தாங்காது என்று சொன்னதும் காதில் விழுந்தது. அதற்கும் சுட்டி நிற்கவில்லை. தாளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

கார்த்திகையில் கொக்கு இரண்டு நாள் காணாமல் போனது. மூன்றாம் நாள் அலகில் ஒரு பச்சைத் தாளோடு வந்து இறங்கியது. இதுதான் உன் வயல் நெல் என்று சத்தியம் செய்தது.

சுட்டி முகர்ந்து பார்த்தது. கொஞ்சம் கோரை வாசனை அடித்தது. வெகுதூரம் வந்ததில் வாசனை மாறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. கழுத்து மணிக்கயிற்றில் அதைச் செருகிவிடச் சொல்லி, தாள் காய்ந்த பிறகும் சுமந்துகொண்டே திரிந்தது.

மாசியில் மந்தை மறுபடியும் அந்த வயலுக்கு வந்தது. கடைசி ஆடாகத் தள்ளாடி வந்து சேர்ந்த சுட்டி, நேராக வரப்பில் மேய்ந்த உழவு மாட்டிடம் போய்க் கழுத்தைக் காட்டியது.

மாடு முகர்ந்தது.

"இது கோரை புள்ள. ஒங்க ஊருக் கொளத்துலயே மண்டிக் கெடக்கும். நாளெல்லாம் நீ கடிக்கிற புல்லாச்சே, தெரியலயா ஒனக்கு?"

"தெரிஞ்சுது," என்றது சுட்டி. "நெல்லா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

மாட்டுக்கு மனசு கேட்கவில்லை.

"போன வருஷம் இந்த வயலோட மேலப் பங்குலதான் ஒங்கள அடைச்சாங்க. கீழப் பங்குக்கு நாள் பத்தல. ரெண்டு பக்கமும் அரிதாள் அப்படியே நிக்கிது. குனிஞ்சு பாரு," என்றது.

அரிதாள் என்றால் கதிரை அறுத்த பிறகு மண்ணில் நிற்கும் அடித்தாள். சுட்டி கீழப் பங்கில் குனிந்தது. ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரு தூருக்கு ஏழெட்டுத் தாள், குச்சி குச்சியாக. மேலப் பங்குக்கு வந்தது. ஒரு தூரைக் கவ்வப் போனால் வாய் கொள்ளவில்லை. அடுத்த தூரும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. ஐந்து வருஷமாக இந்தத் தாளைத்தான் பசிக்குக் கடித்துத் தின்றுகொண்டு, தன் பயிர் எங்கே என்று ஆகாயத்தைப் பார்த்திருக்கிறது!

"பச்சையா நிக்கிறப்ப எப்புடி இருந்துச்சு?" என்று மெல்லக் கேட்டது.

"என் நெஞ்சு ஒசரம். காத்தடிச்சா மொத்த வயலும் சாஞ்சு நிமிரும்."

சுட்டி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டது. கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்ற ஏக்கம் போய்விடவில்லை. அது போகவும் போகாது. ஆனால் கொக்கு வந்து, இந்த வருஷம் இரண்டு தாளாகக் கொண்டுவருகிறேன், வா என்று அழைத்தபோது சுட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாள் மெலிந்து கிடந்த கீழப் பங்குக்குப் போய், காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.

ஏங்குகிறவருக்கு ஏமாற்றுகிறவன் நீட்டும் கோரையும் நெல்லாகத்தான் தெரியும் என்பதால், உழைப்பின் பலனை அடுத்தவர் வாயில் கேட்காமல் தன் காலடியில் குனிந்து பார்க்க வேண்டும்.