ஐந்து கண் மதகு

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே. ஏரி வெட்டுவதே மன்னர்களுக்குப் பெருமையாக இருந்த காலம் அது. அப்போது ஒரு மன்னன் பெரிய ஏரி ஒன்றை வெட்டி, ஆம்பற்குடிக்குப் பாதித் தண்ணீர், கொன்றைக்குடிக்குப் பாதித் தண்ணீர் என்று மதகு கட்டிக் கொடுத்தான்.

கட்டிய கல்தச்சர்கள் இரண்டு பேர். ஒருவன் ஆம்பற்குடியின் பாதியை, தண்ணீர் பாய இரண்டு அகலமான கண்களாகத் திறந்தான். மற்றவன் கொன்றைக்குடியின் பாதியை நான்கு குறுகலான கண்களாகத் திறந்தான். வந்தது வினை. எந்த ஊர் மதகுக்குக் கண் அதிகமோ, ஏரியம்மன் திருவிழாவில் அந்த ஊருக்கே முதல் மரியாதை என்று எப்படியோ ஒரு வழக்கம் முளைத்துவிட்டது.

ஆம்பற்குடித் தலைவன் நன்னாகன் நல்ல உழைப்பாளி. ஆனால் ரோஷக்காரன். கொன்றைக்குடித் தலைவி கொற்றியின் கழுத்தில் ஆண்டுதோறும் முதல் மாலை விழ, அவனுக்கு வயிறு எரிந்தது. மன்னனிடம் போனான்.

“அவங்களுக்கு நாலு, எங்களுக்கு ரெண்டா மன்னா?”

“நாலில் இரண்டும் பாதி, எட்டில் நாலும் பாதி. ஒரே தண்ணீர்தானப்பா,” என்றான் மன்னன்.

நன்னாகன் மண்டையில் ஏறவில்லை. இரண்டாம் முறை போனான், அதே பதில். மூன்றாம் முறை போனபோது மன்னனுக்குச் சலித்துவிட்டது.

“உனக்கு எத்தனை கண் வேண்டும்?”

“அஞ்சு!”

“சரி, உன் பாதியையே ஐந்தாகப் பிரித்துத் தருகிறேன். பத்தில் ஐந்தும் பாதிதான். ஒரு சொட்டுத் தண்ணீரும் அதிகமாக வராது.”

நன்னாகன் காதில் விழுந்தது ஐந்து மட்டும்தான். சிலருக்குக் காது அப்படித்தான், வேண்டியதை மட்டும் கேட்கும்!

அந்த ஆண்டு முதல் மாலை அவனுக்கு விழுந்தது. அதோடு நிறுத்தினானா? “ரெண்டு கண்ணுக்கே இவ்வளவு நெல்லு விளைஞ்சுதே, அஞ்சு கண்ணுக்கு எவ்வளவு விளையும்!” என்று, வரகு விளைந்த மேட்டு நிலத்திலும் நெல்லை விதைக்கச் சொன்னான். ஊரார் அவனை நம்பி, இருந்த விதைநெல்லையெல்லாம் விதைத்துவிட்டார்கள். பாவம்.

கதிர் வரும் நேரத்தில் மேட்டு வயல் வெடித்தது. பிறகு நடு வயல் வெடித்தது. பள்ள வயலும் வெடிக்கத் தொடங்கியது. கொன்றைக்குடி மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது.

“நாலு கண்ணு வச்சிருக்கறவன் வயலு செழிக்குது, அஞ்சு கண்ணு வச்சிருக்கறவன் வயலு காயுது. தண்ணியத் திருடுறாங்க!” என்று ஊர் கம்பைத் தூக்கியது. நன்னாகன் முன்னால் நடந்தான்.

மதகின்மேல் கொற்றி தனியாக நின்றாள். “அண்ணே, நாங்க திருடியிருந்தா என் கையை வெட்டுங்க. ஆனா அளந்து பாத்துட்டு வெட்டுங்க.”

நன்னாகன் கம்பைப் போட்டுவிட்டு, நீண்ட பனைநார் ஒன்றோடு தானே தண்ணீரில் இறங்கினான். கொன்றைக்குடியின் நான்கு கண்களின் அகலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நாரில் அளந்து, நான்காவது கண் முடிந்த இடத்தில் முடிச்சிட்டான். அடுத்துத் தன் ஊரின் ஐந்து கண்களையும் அதே நாரில் முதல் நுனியிலிருந்து அளந்தான். ஐந்தாவது கண் முடிந்த இடத்தில் அதே முடிச்சு நின்றது. அவன் கரையேறினான்.

“யாரும் திருடல. நாந்தான் கண்ணை எண்ணினேன், அகலத்தைப் பாக்கல,” என்றான் ஊரைப் பார்த்து. “இருக்கற தண்ணி பாதி வயலுக்குத்தான் வரும். மீதியைக் காய விட்டாத்தான் பாதியாவது பிழைக்கும்.”

யாருடைய வயலைக் காய விடுவது? விதைத்தவனுக்குத் தன் வயல் பெற்ற பிள்ளை அல்லவா?

நன்னாகன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே தன் வயலுக்குப் போனான். ஊரிலேயே பெரிய வயல், வாய்க்காலை ஒட்டிய வயல். அதன் மடையைத் தன் கையாலேயே மண் போட்டு அடைத்தான். அதைப் பார்த்த மேட்டு வயல்காரர்களும் ஒவ்வொருவராக வந்து தங்கள் மடைகளை அடைத்தார்கள். பிழைத்த வயல்களின் நெல்லை ஊரே பகிர்ந்து உண்டது. நன்னாகன் வயலில் அந்த ஆண்டு ஒரு கதிர்கூட மிஞ்சவில்லை.

ஆகவே மக்களே, பங்கு எத்தனை என்று எண்ணுவதற்கு முன், ஒவ்வொரு பங்கும் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.