ஒடியாக்காரரின் பெயர்

"விண்ணப்பத்துல இன்னும் என்ன சேத்துனா பலமாகுமுங்க மேடம்?" என்று கேட்டார் திலகன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மேலாளர் அவர். வேலையை விடாமலே சேரக்கூடிய ராணுவத் துணைப்படையின் உளவுப் பிரிவில் அதிகாரியாக வேண்டும் என்பது தீராத ஆசை. இரண்டு முறை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். வயது வரம்பு நெருங்கிவிட்டது. இந்த முறையும் கைநழுவிப் போனால் இனி விண்ணப்பிக்கவே முடியாது.

கேப்டன் நூர்ஜஹான் அதே பிரிவில் பணிக்காலம் முடித்து வந்தவர். திலகனைவிட இளையவர். அவர் பரிந்துரைத்தால் அதற்குத் தனி மதிப்பு.

அவர் திலகனின் காகிதங்களைப் புரட்டினார். பட்டங்கள், ஓட்டப் பந்தயச் சான்றிதழ், ஒடியா மொழித் தேர்வில் முதல் வகுப்பு. மனிதர் கல்யாணச் சீர்வரிசை மாதிரி அடுக்கியிருந்தார்.

"ஒடியா பேசுவீங்களா?"

"நல்லாவே பேசுவேனுங்க."

"பெரியாஸ்பத்திரியில ஒரு ஒடியாக்காரர் படுத்திருக்கார். ரயிலடியில மயங்கி விழுந்தவர். யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்கறார். அவர் பேரைக் கேட்டுட்டு வாங்க. பரிந்துரை எழுதித் தர்றேன்."

இவ்வளவுதானா என்று திலகன் பறந்தார். சாயங்காலமே தொங்கிய முகத்தோடு வந்து நின்றார்.

"பேரு, ஊரு, கம்பெனி எல்லாம் கேட்டுட்டேனுங்க. அவரு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

"ஆஸ்பத்திரியில இருக்கறவரைப் பார்க்கப் போனா, முதல்ல அதையா கேட்பீங்க?"

திலகன் கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் தூக்குப்போசியில் ரசம் சோறு கொண்டுபோனதாகக் கேள்வி. அதன் பிறகு ஒரு வாரம் ஆளையே காணோம்.

வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"பேசிட்டாருங்க மேடம்."

"பேர் சொன்னாரா?"

"சொன்னாருங்க."

நூர்ஜஹான் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க."

திலகன் தலை குனிந்தார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். தப்புத்தண்டா ஒண்ணுமில்லீங்க. கொஞ்ச நாளைக்கு யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. வாக்குக் குடுத்துட்டேன்."

"என்கிட்டக்கூடவா?"

"உங்ககிட்டயும்தானுங்க."

"இதுதான் உங்களுக்குக் கடைசித் தடவை. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குதுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்து ஆசை, பாவம், அழாமல் என்ன செய்வார்? காகிதங்களை வாரிக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க. அவர் சாப்பிடறாரா?"

"ரெண்டு நாளா நல்லாச் சாப்பிடறாருங்க. நேத்து சிரிச்சாரு."

நூர்ஜஹானின் முகம் கனிந்தது. ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் நகர்த்தினார்.

திலகன் படித்தார். பரிந்துரைதான். திரும்ப ஒரு முறை படித்தார்.

"மேடம், நான் இன்னும் அந்தப் பேரைச் சொல்லவே இல்லீங்களே?"

"எந்தப் பேருங்க?" என்றார் நூர்ஜஹான்.